கண்டம் மாங்கா: ஐந்தாம் தொகுதியிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி, ஜனவரி 6

"மொபைல் சூட் கண்டம்: தி ஒரிஜின்" மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) ஆங்கிலப் பதிப்பு, பன்னிரண்டு கெட்டி அட்டைத் தொகுதிகளும் கையில் இருக்கின்றன. அனிமே (ஜப்பானிய அசைபடம்) எதுவும் பார்த்ததில்லை. 5, 6, 7 மூன்றும் முன்கதை என்கிறார்கள். முதலில் நடப்பது அதுதான் என்றால் அங்கிருந்தே படிக்கலாமா, 1இலிருந்து வரிசையாகப் போக வேண்டுமா?

ஜனவரி 6

5இல் தொடங்குங்கள். நான் முதல் தடவை 1இலிருந்து போனேன். இந்த முகமூடிக்காரன் ஏன் இப்படியெல்லாம் செய்கிறான் என்று புரியாமலே பல நூறு பக்கம் அலைந்தேன். ஜப்பானிய வாசகருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. 1979இல் தொலைக்காட்சியில் வந்த கதை இது, மனிதர் உள்ளே ஏறி ஓட்டும் ராட்சத இயந்திர மனிதர்களைக் கொண்டு விண்வெளியில் நடக்கும் போர். ஷார் அஸ்நபிள் யார், அவன் முகமூடிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். நமக்குத் தெரியாது. தெரியாதவர் நடந்த வரிசையில் படிப்பதுதான் சரி.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மாங்காவை 2015 முதல் 2018 வரை ஆறு பாகங்களாக அனிமேயாக்கினார்கள். அதில் எடுத்துக்கொண்டது முன்கதையை மட்டும்தான். விண்வெளிக் குடியேற்றத்தின் விடுதலைத் தலைவர் ஜியோன் ஸும் டைகுன் இறப்பதில் தொடங்கி, லூம் என்ற இடத்தில் நடக்கும் விண்வெளிப் போரில் முடிகிறது. படம் எடுத்தவர்களே அங்கிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

பழைய அனிமே பார்த்திருக்க வேண்டியதில்லை. மாங்கா தனியாக நிற்கும்.

ஜனவரி 7

சில விவரங்கள் விட்டுப்போயின. தொலைக்காட்சித் தொடருக்கு இயக்குநர் யோஷியுகி தொமினோ. மனிதர்களை வடிவமைத்தவர் யோஷிகாஸு யாசுஹிகோ. இயந்திரங்கள் குனியோ ஒகாவாராவின் கை. மாங்காவை வரைந்தது யாசுஹிகோ. 2001இல் தொடங்கிய கண்டம் ஏஸ் இதழில் 2011 வரை பத்து ஆண்டுகள் தொடராக வந்தது. ஜப்பானில் 23 தொகுதிகள். அதைத்தான் ஆங்கிலத்தில் பெரிய அளவில் பன்னிரண்டாகக் கட்டி 2013 முதல் 2015 வரை வெளியிட்டார்கள். ஜப்பானியத் தொகுதி எண்ணையும் ஆங்கிலத் தொகுதி எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது எல்லாம் பன்னிரண்டு கணக்கு.

ஜனவரி 9

பெயரை எப்படி எழுதுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். சிலர் "குண்டம்" என்று எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்த பிழை அது. படித்தால் யாக குண்டம்தான் நினைவுக்கு வரும். ஜப்பானியர் சொல்வது குறில் அகரம். முதல் எழுத்து மட்டும் "சங்கு" என்பதில் வரும் கு போல அழுத்தமாக ஒலிக்க வேண்டும். தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை. ஆகவே "கண்டம்".

ஜோசியர் சொல்லும் கண்டமும் இதே எழுத்துதான் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தண்ணீரில் கண்டம், நெருப்பில் கண்டம் என்பார்கள். இந்தக் கதையில் எல்லோருக்கும் விண்வெளியில் கண்டம்.

ஜனவரி 14

முதல் முறை படித்த அனுபவத்தைக் கேட்டார்கள், எழுதுகிறேன்.

பழைய பிரதிகளாக ஒரு முழு செட் வாங்கினேன். பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது எண்ணிக்கை பன்னிரண்டு சரியாக இருந்தது. நான்காவதை முடித்துவிட்டு இரவு பதினொன்றரைக்கு ஐந்தாவதைத் தேடினால் இல்லை. 8 இரண்டு பிரதி இருந்தது. விற்றவரிடம் சொல்லி, அவர் தேடி, மாற்றி அனுப்ப இரண்டு மாதம் ஆனது.

நான்காம் தொகுதி எங்கே முடிகிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும். அமேசான் காட்டின் அடியில் பூமிக் கூட்டமைப்பின் தலைமைத் தளம் ஜாபுரோ. அங்கே நடக்கும் சண்டைக்கு நடுவில் அண்ணனும் தங்கையும் எதிரெதிர் சீருடையில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இவர்கள் பிரிந்தது எப்படி, இவன் ஏன் அந்தப் பக்கம் போனான் என்று கேட்க வைத்துவிட்டுத் தொகுதி முடியும். பதில் ஐந்தில் இருக்கிறது. ஐந்து என்னிடம் இல்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு 8ஐ எடுத்துவிட்டேன். ஒடெஸா போர். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மனம் ஒட்டவில்லை. 6, 7ஐத் தொடவில்லை, அதுவரை கட்டுப்பாடு இருந்தது. ஆக என் வரிசை 1, 2, 3, 4, 8, 5, 6, 7, 9 என்று போனது.

வலமிருந்து இடமாகப் படிப்பது கடினமா என்றும் கேட்டிருந்தார்கள். ஐம்பது பக்கத்தில் பழகிவிடும். ஆனால் ஒன்று, யாசுஹிகோவின் சண்டைக் காட்சிகளில் அசைவும் அந்தத் திசையிலேயே பாயும். வலப்பக்கத்திலிருந்து ஸாக்கு (ஜியோன் படையின் இயந்திர மனிதன்) பாய்ந்து வரும்போது நம் கண்ணும் அதோடு ஓடும். எனக்கு அது பிடிபடவே மூன்றாம் தொகுதி ஆயிற்று, ஜியோன் படை அதிகாரி ராம்பா ரால் வந்த பிறகு.

ஜனவரி 20

"18 மீட்டர் இரும்பு மனிதன் சண்டை போடுவதில் என்ன அறிவியல்?" இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆசை. நானும் ஒரு காலத்தில் இதே காரணத்துக்காக இந்த வகையையே ஒதுக்கி வைத்தவன்.

முதலில் ஊர். கதையில் மனிதர்கள் வாழும் காலனிகள் ஜெரார்டு ஓ'நீல் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1970களில் முன்வைத்த திட்டத்திலிருந்து வந்தவை. பெரிய உருளை, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளம், ஆறரை கிலோமீட்டர் குறுக்களவு. அது தன்னைத்தானே சுற்றும்போது உள்சுவரில் நிற்பவருக்குப் பூமியில் நிற்பது போல எடை தெரியும். எத்தனை வேகத்தில் சுற்ற வேண்டும் என்று ஒரு நாள் தாளில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. இவ்வளவு மெதுவாகவா என்று வியப்பாக இருந்தது.

இந்த உருளைகளைப் பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான ஈர்ப்புச் சமநிலைப் புள்ளிகளில் கூட்டம் கூட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு "சைடு". சுதந்திரம் கேட்டுப் போர் தொடுக்கும் சைடு 3, அதாவது ஜியோன், இருப்பது நிலவுக்குப் பின்னால். பூமியிலிருந்து ஆள்பவர்களின் கண்ணுக்கே படாத இடம். வரைபடத்திலேயே அரசியல் இருக்கிறது.

அடுத்து இயந்திர மனிதன். மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள். அதைத் தூவிவிட்டால் ரேடார் செத்துவிடும், வானொலி பேசாது, தொலைவிலிருந்து குறிவைக்கும் ஏவுகணை குருடாகிவிடும். கண்ணால் பார்த்துத்தான் சண்டை போட வேண்டும். அப்போது விண்வெளியில் கைகால் வீசித் திரும்பக்கூடிய, ஆயுதத்தை மாற்றிப் பிடிக்கக்கூடிய ஒரு வாகனத்துக்கு வேலை வந்துவிடுகிறது. பொம்மை நிறுவனம்தான் ரோபோ கேட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டதைக் கொடுத்துவிட்டு, அந்த ரோபோ இருப்பதற்கு ஒரு காரணத்தையும் யோசித்தார்கள். ஒரே ஒரு பொய். அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக அதன் பின்னால் வரும். அறிவியல் புனைவில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

ஜனவரி 21

ஒரு திருத்தம். "கைகால் வீசித் திரும்பும்" என்று எழுதியதை மேலோட்டமாகச் சொன்னேன், சரியாகச் சொல்கிறேன். கையை ஒரு பக்கம் வீசினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பும். எரிபொருள் செலவில்லாமல் திசை மாற்றலாம். பூனை விழும்போது காற்றில் திரும்புவதும் இப்படித்தான்.

பிப்ரவரி 2

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தவனிடம் ஐந்தாம் தொகுதியைக் கொடுத்தேன். இங்கே எல்லோருக்கும் சொன்ன ஆலோசனையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று.

இரண்டு நாளில் முடித்துவிட்டான். டைகுன் மேடையில் விழுந்து இறப்பது, ஸாபி குடும்பம் அதிகாரத்தைக் கையில் எடுப்பது, டைகுனின் பிள்ளைகள் காஸ்வாலும் ஆர்தேசியாவும் குழந்தைகளாகப் பூமிக்குத் தப்புவது, கோபுரத்தில் அடைபட்ட அம்மா பிள்ளைகளைப் பார்க்காமலே இறப்பது. பையன் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு படித்தான். அக்கா திட்டினாள்.

ஆக என் ஆலோசனை வேலை செய்கிறது.

பிப்ரவரி 11

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். (கதை உடையும். படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.)

பையன் 5, 6, 7 முடித்துவிட்டு 1ஐ எடுத்தான். சைடு 7 காலனிக்குள் ஸாக்குகள் ரகசியமாக நுழைகின்றன. புது ஆயுதம் எங்கே என்று தேடுகின்றன. சுருட்டை முடிப் பையன் ஒருவன், அமுரோ ரே, அப்பா உருவாக்கிய கண்டத்துக்குள் ஏறுகிறான். ஸாக்குவை வெட்டிச் சாய்க்கிறான். 1979இலிருந்து எத்தனை லட்சம் பேர் கைதட்டிய காட்சி!

பையன் கைதட்டவில்லை. "மாமா, இவன் யாரு? ஷாரோட ஆளுங்கள ஏன் கொல்றான்?" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனைப் பொறுத்தவரை கதை காஸ்வாலுடையது. (முகமூடி போட்ட ஷார் ஆனது அந்தக் காஸ்வால்தான், ஜாபுரோவில் தங்கைக்கு எதிரே நின்றவனும் அவனே.) மூன்று தொகுதி அவனோடு அழுதிருக்கிறான். அமுரோ நடுவில் வந்து புகுந்தவன். இரண்டாம் தொகுதியில் ஸாபி குடும்பத்துப் பிள்ளை கார்மாவை ஷார் சாகவிடும் இடத்தில் "வேணும், நல்லா வேணும்" என்றான். பழி தீர்ந்தது, கணக்கு முடிந்தது.

நான் முதல் முறை அந்தப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நண்பன் என்று நம்பியவனின் குரல் வானொலியில் வருகிறது, உன் பிறப்பைச் சபித்துக்கொள் என்கிற அர்த்தத்தில். ஏன் என்று கார்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நானும் கார்மாவும் ஒரே இருட்டில் இருந்தோம். அந்த இருட்டு அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை. நான்தான் விளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 12

ஜனவரி 6இல் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 1இலிருந்து படியுங்கள்.

அன்று எழுதிய காரணமும் தவறு. முன்கதையை மட்டும் அனிமேயாக்கியதை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். முன்கதையை எடுத்தார்கள், ஏனென்றால் மீதிக் கதை 1979இலேயே திரையில் வந்துவிட்டது. அதை வைத்து "இங்கிருந்து தொடங்கு" என்று நான் முடிவு கட்டியது அவசரம்.

என் பழைய எரிச்சலையும் யோசித்துப் பார்த்தேன். புரியாமல் அலைந்தேன் என்றேனே, அது இரண்டு மாதம் ஐந்தாம் தொகுதி இல்லாமல் இருந்ததால் வந்தது. வராத புத்தகத்தின் மேல் இருந்த கோபத்தை வரிசையின் மேல் போட்டிருக்கிறேன். நான்கு முடிந்த அந்த இரவே ஐந்து கையில் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு வேறு பதில்தான் எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 18

யாசுஹிகோ ஏன் முன்கதையை நடுவில் வைத்தார் என்று யோசித்துக்கொண்டே அவர் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்தேன். சிலது எழுதியே ஆக வேண்டும்.

1947இல் ஹொக்கைடோவில் பிறந்தவர். ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மாணவர் போராட்டத்தில் இறங்கி வெளியேற்றப்பட்டவர். பிழைப்புக்காக அனிமேஷனுக்கு வந்தார். கண்டம் தொடரின்போது ஓய்வில்லாமல் வரைந்து, தொடர் முடியும் முன்பே நோயில் விழுந்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். தொடரின் கடைசிப் பகுதிகள் அவர் கை இல்லாமல் போயின. தொடரிலிருந்து வந்த மூன்று திரைப்படங்களில் 1982இல் வந்த மூன்றாவதுக்குப் பல காட்சிகளைப் புதிதாக வரைந்தார். அதற்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து முழுக் கதையையும் தூரிகையால் முதலிலிருந்து வரைய உட்கார்ந்தார். பாதியில் விட்டுவந்த வேலைக்கு ஒரு மனிதர் திரும்பிப் போகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இடையில் அவர் வரைந்தவை பெரும்பாலும் வரலாறு. மஞ்சூரியாவைப் பற்றி, ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி. அந்தக் கை இங்கே நன்றாகத் தெரிகிறது. தொலைக்காட்சியில் ஸாபி குடும்பம் பெரும்பாலும் வில்லன் கூட்டம். மாங்காவில் ஒரு புரட்சி எப்படி ஒரு குடும்பத்தின் சொத்தாகிறது என்பதை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். சவ ஊர்வலம், தெருக் கலவரம், அதன் மேல் ஏறி வரும் டாங்கி, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத சாதாரணக் காவலர். ராணுவப் பள்ளி மாணவர்கள் கூட்டமைப்புப் படைத்தளத்தைத் தாக்கும் அத்தியாயத்தைப் படியுங்கள். முன்னால் நிற்பவன் கார்மா, பின்னால் நின்று அவனைத் தூண்டிவிடுபவன் ஷார். இளைஞர் கூட்டம் ஒரே இரவில் சூடேறுவது எப்படி என்று உள்ளே இருந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி வரைய முடியும்.

வரிசையை மாற்றுவதற்கு அவர் பயப்படவும் இல்லை. தொடரில் ஒடெஸா முதலில், ஜாபுரோ பிறகு. மாங்காவில் ஜாபுரோ நான்காம் தொகுதி, ஒடெஸா எட்டு. ஏன் மாற்றினார்? அண்ணன் தங்கை சந்திப்பை முன்னால் கொண்டுவந்து, அந்தக் கதவைத் திறந்து, மூன்று தொகுதி பின்னால் போய்விட்டு வர. அடுக்கியவர் இவ்வளவு யோசித்து அடுக்கியிருக்கிறார். நான் குலைத்து ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்தேன்.

மார்ச் 1

கார்மாவுக்காக 5, 6ஐ மறுபடி படித்தேன்.

அவன் ஸாபிகளின் கடைக்குட்டி. அண்ணன் டோசல் மலை போல இருப்பான், இவன் மெலிந்த பையன், முன்நெற்றி முடியை விரலில் சுருட்டிக்கொண்டே பேசுவான். பள்ளியில் தன்னைவிட எல்லாவற்றிலும் மேலான ஒருவன் அறைத்தோழனாக வாய்க்கிறான். முதலில் பொறாமை, அப்புறம் போட்டி, அப்புறம் மயக்கம் என்றே சொல்லலாம். பயிற்சியில் தடுமாறும்போது ஷார் கைகொடுக்கிறான். அந்தப் பக்கங்களில் கார்மா எப்போது சிரித்தாலும் எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் இரண்டாம் தொகுதியில் அவன் எரிந்து விழுவதை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அவன் உயிரோடு ஓடுகிறான், கோபப்படுகிறான், தலைவனாகிவிட்டதாக நினைத்துப் பூரிக்கிறான். படிக்கும் எனக்கு மட்டும் தெரியும்.

1இலிருந்து படிப்பவருக்குத்தான் இது கிடைக்கும். 5இலிருந்து தொடங்கினால் அவன் வெறும் எதிரி வீட்டுப் பிள்ளை.

மார்ச் 2

நேற்று எழுதியதில் "வெறும்" என்பது அதிகம். பையனிடம் கேட்டேன். கார்மா சாகும்போது கொஞ்சம் பாவமாகத்தான் இருந்ததாம், ஆனால் ஷார் ஏமாற்றிவிடுவானோ என்ற பயம்தான் பெரிதாம். ஷார் கடைசியில் மனம் மாறி அவனைக் காப்பாற்றிவிடுவான் என்று ஒரு நிமிடம் நினைத்தானாம். அந்த நம்பிக்கை எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. எனக்கு வாய்க்காத ஒன்று அவனுக்கு வாய்த்திருக்கிறது.

மார்ச் 3

லாலா சூன் பற்றி யாரும் பேசவில்லையே. ஒன்பதாம் தொகுதி.

கரிய நிறம், மஞ்சள் உடை, நெற்றியில் சிவப்புப் பொட்டு. 1979இல் ஜப்பானில் ஒருவர் எதிர்காலத்தின் பெண்ணை வரைய உட்கார்ந்தபோது இந்தியப் பெண்ணின் முகம் வந்திருக்கிறது. முதல் முறை அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் பார்த்த முகம் விண்கலத்தில்.

ஆனால் மனதில் ஒரு குறை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. இந்தக் கதையில் எல்லோரையும்விட ஆழமாக மற்றவர் மனதைத் தொடக்கூடியவள் அவள். அவளோடு சில கணங்கள் பேசியதற்காகவே அமுரோ வாழ்நாள் முழுக்கத் தவிக்கிறான். அப்படிப்பட்டவள் ஷாரைக் காக்கக் குறுக்கே பாய்ந்து அமுரோவின் வாளில் இறக்கிறாள். இரண்டு ஆண்களின் பகையை ஆழமாக்குவதற்கு ஒரு மரணம். காஸ்வாலுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசி இவளுக்குக் கொடுத்திருக்கலாம். அவளுக்குத் தனியாக ஒரு தொகுதி இருந்தால் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

மார்ச் 9

அனிமே வேண்டியதில்லை என்று முதல் நாள் சொன்னதையும் கொஞ்சம் மாற்றுகிறேன். அவசியம் இல்லை, அது சரி. ஆனால் மாங்கா முடித்த பிறகு பழைய தொடரைப் பாருங்கள்.

1979 ஏப்ரல் 7, சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நகோயா தொலைக்காட்சியில் தொடங்கியது. 52 வாரம் என்று திட்டம். பார்ப்பவர் எண்ணிக்கை ஏறவில்லை, பொம்மை விற்கவில்லை, 43இல் நிறுத்திவிட்டார்கள். 1980 ஜூலையில் 300 யென்னுக்கு ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்தன. அவை விற்ற விற்பனையும் மறு ஒளிபரப்பும் சேர்ந்து 1981, 82இல் மூன்று திரைப்படங்களாக அதை உயிர்ப்பித்தன. 2009இல் டோக்கியோவின் ஒடாய்பாவில் 18 மீட்டருக்கு முழு உருவமே நிறுத்தினார்கள்.

பழைய தொடரில் படம் பல இடங்களில் தள்ளாடும். ஆள் போதாத அவசரம் தெரியும். ஆனால் மாங்காவில் கிடைக்காத ஒன்று அதில் உண்டு. வாரம் ஒரு முறை வந்து வந்து போகும் களைப்பு. அமுரோ இருக்கும் வொயிட் பேஸ் விண்கப்பலில் இருப்பவர்கள் தூங்காமல், குளிக்காமல், உப்பு தீர்ந்துபோனதற்கு ஊர் ஊராக அலைகிறார்கள். உப்புக்காக ஒரு முழுப் பகுதி! மாங்காவில் யாசுஹிகோவின் கோடு அழகு. அழகான கோட்டில் களைப்புகூட அழகாகிவிடுகிறது.

இதோடு தொமினோ தானே எழுதிய நாவலும் இருக்கிறது. அதில் அமுரோ இறந்துவிடுகிறான். தொடர், படம், நாவல், மாங்கா என நான்கும் நான்கு விதம். "ஒரிஜின்" என்று பெயர் வைத்ததற்காக இதுதான் மூலம், மற்றவை நகல் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மார்ச் 22

இரவு தூக்கம் வரவில்லை, ஒன்பதாம் தொகுதியை மறுபடி எடுத்தேன். லாலாவுக்காக எடுத்தது, தேம் ரே பக்கத்தில் நின்றுவிட்டது.

தேம் ரே அமுரோவின் அப்பா, கண்டத்தை உருவாக்கிய பொறியாளர். முதல் நாள் சண்டையில் காலனிச் சுவர் உடைந்து விண்வெளியில் வீசப்பட்டவர். நடுநிலையான சைடு 6இல் தெருவில் மகன் கண்ணில் படுகிறார். மகன் ஓடிப்போய்ப் பார்க்கிறான். மூச்சுக்காற்று இல்லாமல் கிடந்ததில் மூளை பாதித்திருக்கிறது. மகனிடம் நலம்கூட விசாரிக்காமல் ஒரு கருவியைக் கையில் கொடுக்கிறார். இதைக் கண்டத்தில் மாட்டு, திறன் பல மடங்கு கூடும் என்கிறார். கண்கள் பளபளக்கின்றன. அது எப்போதோ வழக்கொழிந்த பழைய பாகம். அமுரோவுக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. வெளியே வந்து அதை வீசி எறிந்துவிட்டு அழுகிறான்.

என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். கடைசி இரண்டு ஆண்டு நினைவு சரியாக இல்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கையில் ஃபியூஸ் கம்பிச் சுருள் ஒன்றைத் திணிப்பார். "கரண்ட் போனா தவிக்காத, இதைப் போடு" என்பார். என் வீட்டில் ஃபியூஸ் கட்டையே கிடையாது, எல்லாம் தானாக விழும் சுவிட்சு. சரிப்பா என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். அடுத்த முறை இன்னொரு சுருள்.

பதினொரு சுருள் இருக்கிறது. இழுப்பறையில்.

மாங்காவில் அந்தக் காட்சி மிகச் சில பக்கம்தான். முதல் முறை படித்தபோது அப்பா இருந்தார், புரட்டிவிட்டுப் போய்விட்டேன்.

மார்ச் 23

நேற்றைய குறிப்புக்கு வந்தவற்றையெல்லாம் படித்தேன். தனித்தனியாக எழுத முடியவில்லை.

வரிசைக்குத் திரும்புகிறேன். தேம் ரே காட்சிக்கு எந்த வரிசையும் பொருட்டல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த வயதில் படிக்கிறோம் என்பதுதான் அங்கே கணக்கு.

மார்ச் 30

ஏழாம் தொகுதியைத் தாண்டிப் போகலாமா என்று ஒருவர் கேட்கிறார், "வெறும் போர் வரலாறு" என்று. தாண்டாதீர்கள். ஒரு காலனியில் விஷவாயு செலுத்தி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் கொன்று, அந்த வெற்று உருளையையே ஜாபுரோவை நோக்கிப் பூமியின் மேல் தள்ளுகிறார்கள். வழியில் உடைந்து அதன் முன்பகுதி சிட்னியில் விழுகிறது. ஊர் இருந்த இடத்தில் வட்டமாகக் கடல். போரின் தொடக்கத்திலேயே மனித குலத்தில் பாதி அழிகிறது. பழைய தொடரில் இது தொடக்கக் குரலில் சில வரிகளில் முடிந்துபோகும். யாசுஹிகோ அந்தச் சில வரிகளுக்குள் இறங்கி, அங்கே தெருவில் நடந்துகொண்டிருந்தவர்களை வரைந்தார். ஓ'நீலின் கனவு வீட்டை எறிபொருளாக்கிய பக்கங்கள் அவை. ஜனவரி 20இல் நான் ஆர்வத்தோடு கணக்குப் போட்ட அதே உருளை.

ஏப்ரல் 5

பையன் பன்னிரண்டும் முடித்துவிட்டான். அ பாவோவா கூ கோட்டையிலிருந்து அமுரோ தப்பி வரும் பக்கங்களில் அவன் அமுரோ பக்கம் வந்துவிட்டான் என்று தெரிந்தது. "சீக்கிரம் வாடா" என்று முணுமுணுத்துக்கொண்டே புரட்டினான். எந்தத் தொகுதியில் மாறினான் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். யோசித்துவிட்டு, "அவங்க அப்பாவப் பாத்தப்பவோ என்னவோ" என்றான்.

ஜனவரியில் கேட்டவருக்கு: 1இலிருந்து அச்சில் உள்ள வரிசையில் படியுங்கள். நான்கை முடிக்கும் முன் ஐந்து அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே 5இல் தொடங்கியிருந்தால் நிறுத்த வேண்டாம், அப்படியே போங்கள். முடித்த பிறகு இரண்டாம் தொகுதிக்கு மட்டும் ஒரு முறை திரும்புங்கள்.

பையனுக்கும் அதைத்தான் சொன்னேன். ஊருக்குக் கிளம்பும்போது மற்ற பதினொன்றையும் அடுக்கி வைத்துவிட்டு இரண்டை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு போனான். நேற்று அக்கா போன் செய்தாள், அதைப் படித்துவிட்டு ராத்திரி பேசாமலே படுத்துவிட்டானாம், என்ன புத்தகம் கொடுத்தாய் என்றாள்.